தாப்பா சரிவிலிருந்து வந்த வெள்ளை ஆர்க்கிட்

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்துவிட்டதற்கான நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் பேசினால் பாதியில் வைத்துவிட முடியாது. காலையிலிருந்து இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன், பின்புறம் போய்ப் பூச்சட்டிகளை இடம் மாற்றுகிறேன், திரும்பி வந்து பார்த்தால் எழுதிய வரி எனக்கே பிடிக்கவில்லை. உன் அம்மா உட்காரத் தெரியாதவள் என்பது உனக்குப் புதிதல்ல. உன் அப்பா இருந்தவரை, சோறு தின்னும்போதாவது ஒரே இடத்தில் இரு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்.

அத்தை உன்னிடம் சொன்னது பொய் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நம் வீட்டு வாசலில் ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கால்சட்டை முட்டிக்கு மேல் சுருட்டியிருந்தது. நான் கீழே மணைப்பலகையில் உட்கார்ந்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியை அவர் முட்டியில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல பகல் வெளிச்சம், கேட்டும் திறந்துதான் கிடந்தது. சிலிம் ரிவரிலிருந்து சொல்லாமல் வந்த அத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு, கையிலிருந்த பலகாரப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் நீ அழைத்தாய். "அப்பா படம் மாட்டியிருக்கிற வீட்ல என்னம்மா நடக்குது?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். உன் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

பதில் நீளமானது, ஏனென்றால் அது ஒரு செடியில் ஆரம்பிக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது நீ ஜோகூருக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஷிப்ட் மணிக்கு ஓடிப் பழகிய காலுக்குத் திடீரென்று போக இடம் இல்லை. வீட்டைக் கழுவினேன், கழுவியதையே மறுபடியும் கழுவினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சிக் வேலி வழியாகப் பார்த்துவிட்டு, உன் வீட்டுத் தரை தேய்ந்து ஓட்டை விழப்போகிறது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு செடியைக் கொண்டுவந்து கொடுத்தார். தென்னங்கன்றின் இலைபோல மடிப்பு மடிப்பாக நீண்ட இலைகள், அவற்றுக்கு நடுவே உயரமாக ஒரு தண்டு, தண்டின் நுனியில் ஊதாப் பூக்கள். மரத்தில் தொங்கும் ஆர்க்கிட்டைத்தான் அதுவரை எனக்குத் தெரியும். இது தரையில் வளரும் ஆர்க்கிட். மாச்சிக் அதற்கு லும்பா தீக்குஸ் என்று பெயர் சொன்னார். தீக்குஸ் என்றால் எலி. இவ்வளவு அழகான பூவுக்கு எலி எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

நம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஈயம் எடுத்தவர்கள் அலசிக் கொட்டிவிட்டுப் போன மணல். உன் அப்பா அதில் முருங்கை வைத்துப் பார்த்தார், வாழை வைத்துப் பார்த்தார், எதுவும் நிற்கவில்லை. இந்தச் செடி நின்றது. நின்றது மட்டுமில்லை, பக்கத்தில் குட்டி போட்டது. மணலோடு உமிக்கரியும் நறுக்கிய தேங்காய் மட்டையும் காய்ந்த ஆட்டுச் சாணம் கொஞ்சமும் கலந்தால் அதற்குப் போதும். சின்ன வெங்காயம் போலக் கிழங்குகள் இருக்கும். அவற்றைப் பாதிக்குமேல் புதைத்தால் அழுகிவிடும். வெயில் வேண்டும், ஆனால் நாள் முழுக்க அடித்தால் இலை மஞ்சளாகிறது. நிழலில் வைத்தால் இலை செழிப்பாக வந்து பூ வராது. தினமும் தண்ணீர் கேட்கும், தண்ணீர் தேங்கினால் பொறுக்காது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் செடியைச் சாகடித்துத்தான் கற்றுக்கொண்டேன். மழைக்காலத்தில் ஒரு வரிசை முழுக்க அடி கறுத்துப் போனது. நத்தைகள் மொட்டைத் தின்றன. இதன் விதை மாவு போல இருக்கும், காற்றில் பறந்துபோய்ச் சாக்கடை லொங்காங் சிமெண்ட் வெடிப்பில்கூட முளைக்கும். ஆனால் நான் சட்டியில் தூவினால் ஒன்றுகூட முளைப்பதில்லை. அதனால் கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்குகிறேன்.

பெருக்கியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வைத்து விற்க ஆரம்பித்தேன். வாங்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, இதைப் பறித்து மாலை கட்டாதீர்கள், சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும் என்பதுதான். இது பறிக்கிற பூ இல்லை, நிற்கிற பூ. ஒரு தண்டில் கீழிருந்து ஒவ்வொன்றாக மலர்ந்து மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் சாலை நடுவிலும் பள்ளிக்கூட வேலியோரத்திலும் இதை வைக்கிறார்கள். சாலையோரம் செடி வைக்கிற குத்தகைக்காரர் ஒருவர் ஊதாவையும் மஞ்சளையும் என்னிடம் மொத்தமாக எடுத்துப்போனார். நீ ஈப்போவுக்கு வரும்போது நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் ஊதாவாகத் தெரிகிறதே, அதில் பாதி என் கை வைத்த செடி. போனமுறை அதைச் சொல்லத்தான் உன்னைக் காரில் மெதுவாகப் போகச் சொன்னேன். நீ போனில் பேசிக்கொண்டே ஓட்டினாய், நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சந்தைக்குத்தான் ஆரோக்கியசாமி வந்தார். தாப்பாக்காரர். கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன, ஒரே மகள். மலைச்சாலையை அகலப்படுத்தச் சரிவை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மண்ணோடு கீழே உருண்டு கிடந்த செடிகளில் ஒன்றை லோரியை நிறுத்தி எடுத்து வந்திருந்தார். உரச்சாக்கில் பாதி காய்ந்துபோன நிலையில் அதை என் மேசைமேல் வைத்து, இதைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். இலையைப் பார்த்ததும் என் செடியின் வகைதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒடிந்து தொங்கிய தண்டில் மிச்சமிருந்த ஒரே பூ வெள்ளையாக இருந்தது. நான் அதுவரை வெள்ளையைப் பார்த்ததில்லை. விலைக்குக் கேட்டேன். விற்க மாட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பிழைத்துக் குட்டி போட்டால் ஒன்றை மட்டும் எனக்குக் கொடுங்கள், என் மனைவியின் கல்லறையில் வைக்க வேண்டும் என்றார். அந்த அம்மாவுக்கு வெள்ளைப் பூ பிடிக்குமாம்.

அதற்குப் பிறகு லோரியைக் காலி செய்துவிட்டுத் திரும்பும் வழியில் செடியைப் பார்க்க வருவார். வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போவார். செடி என் உயிரை எடுத்தது. ஒரு மாதம் இலை அசையவில்லை. நான் மண்ணைக் கிளறி வேர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன், மறுபடி மூடுவேன், இரண்டு நாள் கழித்து மறுபடி கிளறுவேன். ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க இப்படி எழுப்பி எழுப்பி விட்டா அது எப்ப லா தூங்கும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதன்பின் சிரிப்பு வந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது எனக்கு எப்போது கடைசியாகச் சிரிப்பு வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் கிளறவில்லை. செடி பிடித்துக்கொண்டது. காய் பிடித்தால் செடி அசந்துவிடும் என்று பூ வாடியதும் காயைக் கிள்ளிவிட்டேன். அடுத்த வருடம் கிழங்குகள் கொத்தாகத் திரண்டன.

முட்டிக் கதைக்கு வருகிறேன். மலைச்சாலையில் பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்கு வலது முட்டி போய்விட்டது. நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்த மாச்சிக், இந்தச் செடியின் இலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் ஒத்தடம் கொடுத்தால் மூட்டு வலிக்கு நல்லது, என் அம்மா கொடுப்பார் என்று சொல்லி, ஊதாச் செடியிலிருந்து முற்றிய இலைகளைத் தானே அறுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் குனிந்து தன் முட்டிக்குத் துணி வைக்க முடியாமல் தவித்தார். நான் பிடுங்கி வைத்தேன். அவ்வளவுதான். முட்டி குணமாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு தேய்ந்திருக்கிறது, லோரியை விடுங்கள் என்றார். இலையால் சுகமா, சூட்டால் சுகமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் துணி ஆறி மறுபடி நனைக்கும்போது அவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு மனிதருக்கு என் கையால் நோவு குறைகிறது என்பது எனக்கு நன்றாக இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. அத்தை பார்த்தது அந்த நிமிடத்தைத்தான்.

நீ அழைத்து வைத்த பிறகு அவரிடம் இனி வர வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, சரி என்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பிறகு வந்த வாரங்களை எப்படிக் கழித்தேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரிக்க வேண்டாத செடிகளைப் பிரித்தேன். சந்தைக்குப் போய்ப் பாதியில் கட்டிக்கொண்டு வந்தேன். உன் அப்பா படத்தின் முன்னால் நின்று, நான் என்ன தப்பு செய்தேன், சொல்லுங்கள் என்று கேட்டேன். படம் எப்போதும்போலச் சிரித்தது. உன் அப்பாவோடு நான் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தேன், தம்பி. சம்பள நாளில் கோழி வாங்கி வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே சமைப்பார். உப்பு அதிகமாக இருக்கும், நாம் இருவரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடுவோம். அது இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. புதிதாக ஒருவர் வந்து அதை எடுத்துப்போக முடியாது.

வெள்ளைச் செடி அப்போது மறுபடியும் தண்டு விட்டது. கொடுப்பதாகச் சொன்ன குட்டியைக் கொடுக்காமல் வைத்திருப்பது சரியில்லை என்று பட்டது. மூன்று கிழங்குள்ள ஒரு கொத்தைப் பிரித்து, வேரைத் தேங்காய் நாரில் சுற்றி, கூடையில் வைத்துத் தாப்பா பஸ் ஏறினேன். அவர் வீட்டுக்குப் போகும் எண்ணம் இல்லை. சர்ச்சில் விசாரித்துக் கல்லறையைக் கண்டுபிடித்து, நட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் திரும்பிவிட வேண்டும். கல்லறைக் காடு சரிவில் இருந்தது, செம்மண். கையாலேயே தோண்டி நட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். தாப்பாவில் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், மதிய இடைவேளையில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்திருக்கிறாள். அவர் மகள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்கதான ஈப்போ ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செடியைப் பார்த்தாள், என் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பா லோரியை விட்டுவிட்டதாகவும், வீட்டில் சன்னலோரம் உட்கார்ந்தபடியே இருப்பதாகவும், முன்பெல்லாம் ஈப்போ போய்வந்தால் சாப்பிடும்போது செடிக் கதையாகவே சொல்வார், இப்போது கேட்டால்கூடச் சொல்வதில்லை என்றும் சொன்னாள். பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டே, ஏதோ கடையில் மாத்திரை வேண்டுமா என்று கேட்பதுபோல என்னிடம் கேட்டாள். "ஆன்ட்டி, எங்க அப்பாவைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்வது? "அதை உங்க அப்பா கேக்கணும்லா, நீ ஏம்மா கேக்குற?" என்றேன். அவள் போனை எடுத்தாள். அவர் மோட்டார் சைக்கிளில், மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நாங்கள் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் தேத்தண்ணி வாங்கினோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு உங்களோட இருக்கணும்னு இருக்கு. நீங்க கோயிலுக்குப் போங்க, நான் சர்ச்சுக்குப் போறேன். வந்து சேந்து சாப்பிடுவோம்" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சரி என்றேன். அவ்வளவு நாள் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. இப்போது வேறு பக்கமாக ஓடியது, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஈப்போவுக்குத் திரும்பாமல் தெற்கே சிலிம் ரிவர் பஸ் ஏறினேன். அத்தை என்னைப் பற்றி இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது. அவர் வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சோறு போட்டு வைத்தார். நான் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மதம் மாறப் போகிறாயா என்று கேட்டார். இல்லை, அவரும் மாறப்போவதில்லை என்றேன். என் தம்பி படத்தைக் கழற்றுவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அதன்பின் நெடுநேரம் மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எனக்குப் பிடிக்கல. பிடிச்சிருக்குன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்து வேற யாரும் போட வேணாம், நான் வாரேன். நம்ம ஆளு ஒருத்தர் இல்லாம நீ அங்க போய் நின்னா அசிங்கம்" என்றார். நான் எழுந்து கைகழுவப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போனேன் என்பது அவருக்கும் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல இந்த நிலையில் எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ கேட்கலாம். இருந்தாலும் சொல்கிறேன். ஒரு போன் அழைப்பில் கேட்டதை வைத்து ஒருவரை முடிவு கட்டாதே, வந்து பார். கோபம் வந்தால் பேசு, வாயை மூடிக்கொண்டு தண்டிக்காதே, அது எதிராளியைவிட உன்னைத்தான் அதிகம் தின்னும். இன்னொன்று, இதைத்தான் நான் பல மாதமாகச் சொல்ல நினைத்தேன். உனக்கு முப்பது தாண்டிவிட்டது. பெண் பார்க்கலாமா என்றால் அம்மா தனியாக இருக்கிறார், முதலில் அம்மாவுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்கிறாய். அம்மாவுக்கு வழி வேண்டியதில்லை, தம்பி. என்னைக் காரணமாகப் பிடித்துக்கொண்டு உன் வாழ்க்கையைத் தள்ளிப்போடாதே. உனக்கு யாரையாவது பிடித்திருந்து என்னிடம் சொல்லத் தயங்கினால், இனி அந்தத் தயக்கம் வேண்டாம். இதற்குமேல் உன் அம்மா எதைக் கேட்டு அதிர்ச்சியடைவாள்?

வீடு உன் பெயரில் இருக்கிறது, அதுவும் எனக்கு மறக்கவில்லை. அவர் இந்த வீட்டில் வந்து தங்குவது உனக்குச் சரிப்படாது என்றால் நேராகச் சொல்லிவிடு. தாப்பாவில் அவர் வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. செடிகளை அவர் நண்பரின் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். அவற்றுக்கு இடம் மாறினால் கொஞ்ச நாள் முகம் வாடும், இரண்டு மழை பெய்தால் சரியாகிவிடும். உன் அப்பா படம் என்னோடு வரும். ஆரோக்கியசாமிக்கு அதில் மறுப்பு இல்லை. கேட்டேன். எங்கே மாட்டலாம் என்று ஆணிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

நாங்கள் போய்க் கல்யாணத்துக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். பதிவு அலுவலகத்தில் எங்கள் இருவர் பெயரையும் படத்தோடு பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். யாராவது ஆட்சேபிக்க நினைத்தால் வந்து சொல்வதற்காக அப்படிச் சில வாரம் ஒட்டிவைப்பார்களாம். நானே இரண்டு தடவை போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். இளசுகளின் படங்களுக்கு நடுவே எங்கள் படம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டுத் தன்னோடு வந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கேலியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உனக்கு ஆட்சேபணை இருந்தால் அந்த அலுவலக முகப்பில் போய்ச் சொல்லாதே, என்னிடம் வந்து சொல். கேட்டுக்கொள்வேன். பதிலும் சொல்வேன்.

இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் பக்கம் அவர் மகள். என் பக்கம் அத்தை சேலை எடுத்து வைத்துத் தயாராக இருக்கிறார். ஆனால் அத்தையிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நீ வந்தால் அந்த இடத்தில் நீ கையெழுத்துப் போடு. வராவிட்டால் அத்தை போடுவார். நாளும் நேரமும் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், நீ பார்த்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அன்று காலை அலுவலக வாசலில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருப்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை நிற்பேன். கூப்பிட்டால் உள்ளே போய்விடுவேன்.

அம்மா